தமக்குப் பின்னான வீடு

"செருப்ப வெளிய போடு. உன் வீடுதான், இல்லன்னு சொல்லல. ஆனா கூட்டுறது நான்."

ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மாசாயில் ஒரு மலிவு விலை வரிசை வீட்டின் வாசலில் நின்று அவர் இப்படித்தான் தொடங்குவார். அன்று அவர் வீடு காட்டும் நாள். பார்க்க வேண்டியவர்கள் அவருடைய கணவரின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருவர். மூத்தவர் தம் மகளை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு சிரித்தபடி வந்துவிடுவார். இளையவர் அரை மணி நேரம் தாமதித்து, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே வருவார். மூன்றாவது ஆளாக நான். சாட்சிக்கு.

அவர் ஒவ்வொரு குழாயையும் திறந்து தண்ணீர் விழுவதைக் காட்டுவார். ஒவ்வொரு விளக்கையும் ஏற்றி அணைப்பார். மின்விசிறியை ஐந்தாம் எண் வரை சுழலவிட்டு, அது முனகுகிறதா என்று எல்லோரும் காதுகொடுத்துக் கேட்கும்வரை நிறுத்தமாட்டார். நாற்காலி போட்டு ஏறி, கூரைத் தட்டியை நகர்த்தி, கைவிளக்கை உள்ளே அடித்து, "கரையான் இல்ல. பாத்தியா?" என்பார். தலையாட்டினால் போதாது. வாயைத் திறந்து "பாத்தேன்" என்று சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு சர்க்கரை குறைவான ஒரு காப்பி. அதைக் குடித்துவிட்டு அனைவரும் போய்விடலாம்.

இதைச் செய்யும்படி எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். மாசாயில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் இயங்கிய வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். உயில், வீட்டு விற்பனை, வாரிசுப் பத்திரம் ஆகியவையே எங்கள் அன்றாடம். எங்கள் வழக்கறிஞர் தமிழர்தான் என்றாலும் ஆங்கிலத்தில் யோசிப்பவர். ஆகவே பத்திரங்களைத் தமிழில் படித்துச் சொல்வது என் வேலையாயிற்று. அந்த வீட்டு அக்காவின் கணவருடைய உயிலையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

அந்தக் கணவர் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் பளுதூக்கி வண்டி ஓட்டியவர். முதல் மனைவி இறந்து, இரண்டு பிள்ளைகளும் வளர்ந்த பிறகு, தொழிற்சாலை உணவுக்கூடத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்த இவரை மணந்தார். இவருக்கு அப்போது நாற்பது வயது. சாஆ என்னும் சிற்றூருக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, உதிரிப் பழம் பொறுக்கி, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். திருமண வாழ்க்கை ஆறு ஆண்டுகள்தான். பிறகு உயில்.

உயில் சுருக்கமானது. மனைவி தம் ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருக்கலாம். அவருக்குப் பின் வீடு இரண்டு மகன்களுக்கும் சரிபாதி. நான் படித்து முடித்ததும் இளைய மகன்தான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப இப்ப வீடு யாரோடது சார்? எங்களோடதா, சின்னம்மாவோடதா?"

"ரெண்டு தரப்புக்கும்தான்," என்றார் வழக்கறிஞர்.

"அது எப்படி லா?"

"குடியிருக்கிற உரிமை அவங்களுக்கு. சொத்து உங்களுக்கு. இன்னைக்கே உங்களுக்கு. கைக்கு வர்றதுதான் பிறகு."

"கைக்கு வராததை எங்களோடதுன்னு எப்படி சொல்றது? தலை சுத்துது சார்."

வழக்கறிஞர் மறுபடியும் விளக்கினார். இந்த இடத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் தலை சுற்றும். இறந்தவர் ஒரே வீட்டைக் காலத்தின் குறுக்கே வெட்டி, முன்துண்டை ஒருவருக்கும் பின்துண்டை வேறொருவருக்கும் கொடுத்திருக்கிறார் என்பதும், பின்துண்டும் இன்றே கொடுக்கப்பட்டாயிற்று என்பதும் எவருக்கும் எளிதில் பிடிபடுவதில்லை. இனிமேல்தான் கொடுக்கப்படும் என்றே நினைப்பார்கள். அப்போதுதான் அவர்களுடைய சின்னம்மா கேட்டார்.

"சார், செவுத்துல ஆணி அடிக்கலாமா?"

இளைய மகன் சிரித்துவிட்டார். வழக்கறிஞரும் சிரித்தார். "தாராளமா அடிங்கம்மா," என்றார். கேள்வி கேட்டவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன். உடைமை உங்களுக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, சுவரைத் துளைக்கும் அனுமதியை மட்டும் வழக்கறிஞர் தருவது எப்படி என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

கணவரின் மாலையிட்ட படம் அதன்பின் எட்டு மாதங்கள் கூடத்தில் ஒரு நாற்காலியின்மேல் இருந்தது. முதல் வீடு காட்டும் நாளன்று மூத்த மகன் அதைப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தார்.

"எங்க அடிக்கணும் சொல்லுங்க சின்னம்மா."

"நீ சொல்லு. உன் செவுரு."

"அலமாக்! பாதி செவுரு தம்பியோடது."

"அப்ப அவன்கிட்ட கேளு."

அன்று இளையவர் வரவில்லை. மூத்தவர் தொலைபேசியில் அழைத்து, ஒலியைப் பெரிதாக்கி வைத்தார். "ஒரு ஆணிக்கா போன் பண்றீங்க?" என்று எதிர்முனை கத்தியது.

"சரின்னு சொன்னியா, இல்லையா?" என்றார் அவர்.

"சரி லா! சரி!"

"தங்கச்சி, கேட்டுக்கிட்டியா?" என்று என் பக்கம் திரும்பினார். கேட்டேன் என்றேன். ஆணி இறங்கியது.

அலுவலகத்தில் தடித்த ஆங்கிலச் சட்ட நூல்கள் ஓரலமாரி நிறைய இருந்தன. மதிய இடைவேளைகளில் அவற்றைப் படிப்பது என் பழக்கம். வாழ்நாள் உரிமை பெற்றவர் சொத்தைப் பாழாக்கக் கூடாது என்று பல தலைமுறை நீதிபதிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். மரத்தை வெட்டலாமா, சுரங்கம் தோண்டலாமா, பழுது பார்ப்பது கடமையா என்றெல்லாம் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆணியைப் பற்றி எங்கும் காணவில்லை. அந்த நீதிபதிகளின் கவலையெல்லாம் பாழாக்குபவர்களைப் பற்றியது. இப்படிப்பட்ட ஒருவர் அவர்கள்முன் வந்து நின்றிருக்கமாட்டார்.

இவ்வளவும் சொல்வதால் அவரைச் சாந்த சொரூபி என்று எண்ணிவிட வேண்டாம். அண்டை வீட்டுப் பூனையோடு அவர் போட்ட சண்டை அந்தத் தெருவுக்கே தெரியும். பூப்பந்தாட்டப் போட்டி நடக்கும் நாள்களில் தொலைபேசியை எடுக்கமாட்டார். நம் நாட்டு ஆட்டக்காரர் ஒரு பந்தைத் தவறவிட்டால் தெருமுனை வரை வசவு கேட்கும். என் கையெழுத்தைப் பார்த்து, "கோழி நடந்த மாதிரி இருக்கு, இதுக்குச் சம்பளம் வேற," என்றவர். அன்பை எவரிடமும் வெளிப்படையாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்த வரிசையில் இருந்த எல்லா வீடுகளும் பின்புறச் சாக்கடை வரை அடுப்படியை நீட்டிக் கட்டிவிட்டன. அவருடையது மட்டும் வீட்டுடைமைத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த நாளில் இருந்தபடியே, பின்னால் இரண்டடி வெற்றிடத்தோடு நின்றது. சாரல் அடித்தால் அடுப்பு நனையும். ஒருநாள் நான் சொன்னேன், "ஒரு கூரை இழுத்துக்கலாமே அக்கா. சட்டம் ஒண்ணும் தடுக்காது."

"சட்டம் கேக்கலம்மா. நாளைக்கு வர்றவன் வேற மாதிரி வைக்கணும்னு நெனச்சா, நான் கட்டுனத இடிக்கணும்ல? இடிக்கிற வேலைய அவன் தலையில நான் ஏன் வைக்கணும்?"

இன்னொரு முறை, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் தங்குமிடம் பிடித்துக் கொடுக்கும் ஒருவர் வந்தார். மாசாயில் பாதி வரிசை வீடுகள் அப்படித்தான் போயின. ஓர் அறைக்கு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், வாசல் முழுக்கக் காலணி. அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"வீடு உங்க பேர்லதானே, அக்கா?"

"இல்ல."

"பின்ன யாரோடது?"

"பசங்களோடது."

"அப்ப அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

"பேசு. ஆனா முதல்ல நான் சாகணும். உக்காந்து காத்திருக்கியா, காப்பி போடவா?"

வந்தவர் தலைக்கவசத்தைக் கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிப் போனார்.

மூத்த மருமகளை அவருக்குப் பிடிக்காது. திருமண விருந்தில் இரண்டாம் தாரம் என்று தம்மைப் பின்வரிசையில் உட்காரவைத்ததை அவர் மறக்கவில்லை. அந்தப் பெண்ணும் அவரை அத்தை என்று ஒருநாளும் அழைத்ததில்லை, "அவங்க" என்பாள். "வாய்ல அத்தைன்னு வராது. என்ன, பல்லு வலியா?" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வார். வீடு காட்டும் நாளுக்கு மூத்த மகன் மகளை அழைத்து வருவார், மனைவி வரமாட்டாள். அதுவே எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

உயில் படித்த ஆறாம் ஆண்டில் மூத்த மகன் இறந்தார். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர். ஒரு மழைக் காலையில் சாலைச் சந்திப்பில் லாரி மோதியது. மகளுக்கு அப்போது ஆறு வயது. மனைவிக்கு வேலை இல்லை. வாடகை அடுக்குமாடியில் குடியிருந்தார்கள்.

கருமாதி முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, இளைய மகன் தம் அண்ணியை அழைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வழக்கறிஞர் ஜொகூர் பாரு நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். இளையவர் தட்டச்சு செய்த இரண்டு தாள்களை என் மேசைமேல் வைத்தார்.

"இதுல அண்ணி கையெழுத்துப் போடணும். சத்தியப் பத்திரத்துல முத்திரை போடுறவர் பக்கத்துக் கட்டடத்துலதானே இருக்காரு? நீங்க கூட்டிட்டுப் போய் முடிச்சுக் குடுங்க. அப்படியே அடையாள அட்டைய நகல் எடுத்துருங்க."

முதல் தாளைப் பார்த்தேன். இறந்த கணவருக்கு அந்த வீட்டில் இருந்த உரிமை எதையும் தானோ தன் மகளோ கோரமாட்டோம் என்று அந்தப் பெண் உறுதி கூறும் பத்திரம் அது.

"அண்ணிக்கு நான் செய்யமாட்டேன்னா சொன்னேன்?" என்றார் இளையவர். அவர் தீயவர் அல்லர். தாம் சொல்வதை முழுமையாக நம்பியே பேசினார். "பிள்ளையோட ஸ்கூல் செலவ நான் பாத்துக்கிறேன். ஆனா வீட்டு விசயம் வேற. சின்னம்மா இருக்கும்போதே அண்ணன் போய்ட்டாரு. அவர் கைக்கே வரல. வராத ஒண்ணு அண்ணிக்கு எப்படி போகும்?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?"

"எங்க வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க, அக்கா. அவருக்கே கிடைக்காதது எனக்கு எங்கேர்ந்து கிடைக்கும்? எனக்குச் சண்டை வேணாம். குடுங்க, போட்டுடறேன்."

அது தவறு என்பது எனக்குத் தெரியும். அந்தப் பங்கு தந்தை இறந்த அன்றே மூத்தவருடையதாகிவிட்டது. காத்திருக்க வேண்டியிருந்தது அனுபவத்துக்காக மட்டுமே. மூத்தவர் இறந்துவிட்டதால் அது அவருடைய மனைவிக்கும் மகளுக்கும்தான் போகும். அலமாரியில் இருந்த ஐந்து நூல்கள் அதைச் சொல்லின. ஆனால் சட்ட ஆலோசனை சொல்ல எழுத்தருக்கு அனுமதி இல்லை. "சார் சாயங்காலம் வந்துருவாரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமே," என்று மட்டும் சொன்னேன்.

"சாயங்காலம் எனக்கு ஷிப்டு. இதுல கேக்க என்ன இருக்கு?"

நான் நகல் எடுக்கும் இயந்திரத்தை நோக்கி நடந்தேன். அன்று அந்த அட்டையை எவ்வளவு மெதுவாக நகல் எடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக எடுத்தேன். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதும்போதும் அது என்னை உறுத்துகிறது.

அப்போதுதான் மாடிப்படியில் சின்னம்மாவின் குரல் கேட்டது. இரண்டாவது தாள் அவருக்கானது. கையெழுத்துக்காக இளையவரே வரச் சொல்லியிருந்தார். உணவுக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார். தலையில் வலைத்தொப்பி, இடுப்பில் மஞ்சள்கறை படிந்த துணி.

"சீக்கிரம் சொல்லுங்க. பன்னெண்டு மணிக்குக் கூட்டம் வந்துரும். தங்கச்சி, கண்ணாடி கொண்டு வரல. படி."

படித்துச் சொல்வது என் வேலை. அதற்கு எவரும் தடை சொல்ல முடியாது. அவர் தம் வாழ்நாள் உரிமையை விட்டுக்கொடுப்பதாகவும், வீடு விற்கப்படும்போது அவருக்கு ஒரு பங்கு தரப்படும் என்றும் அந்தத் தாள் சொன்னது. கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவ பேப்பர்ல என்ன இருக்கு?"

"அது அண்ணியோடது. உங்களுக்கு எதுக்கு சின்னம்மா?" என்றார் இளையவர்.

"படி."

படித்தேன். முடிக்கும்வரை அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இளைய மகனிடம் திரும்பினார்.

"ஏன் அவனோடது இல்லங்கிற?"

"கைக்கு வரலியே சின்னம்மா."

"நீ வேலைக்குச் சேந்து எத்தனை வருசம்?"

"பதிமூணு. இப்ப அதுக்கென்ன?"

"மாசாமாசம் சேமநிதி பிடிக்கிறானே, அது யாரு காசு?"

"என் காசு."

"கைல இருக்கா? கேட்டா குடுப்பானா?"

"வயசு ஆகணும் இல்ல?"

"வயசு ஆகுறதுக்குள்ள நீ போய்ட்டா? 'இவன் கைக்கு வரல, அதனால இவன் காசு இல்ல'ன்னு பக்கத்து சீட்டுக்காரனுக்குக் குடுத்துருவானா? உன் பொண்டாட்டிக்குத்தானே குடுப்பான்?"

இளையவர் தாள்களின் ஓரத்தைச் சேர்த்து நேராக்கினார்.

"உங்கப்பா வீட்ட உங்களுக்குக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. என்கிட்ட குடுத்தது சாவியதான். சாவி வச்சிருக்கிறவ இன்னும் சாகலங்கிறதுக்காகக் குடுத்தது இல்லன்னு ஆயிருமா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு, தங்கச்சி. இத்தனை வருசமா இங்க உக்காந்து இதத்தானே டைப் அடிக்கிற? பெரியவன் பங்கு அவனோடதா, இல்லையா?"

அலுவலக விதி எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் சொன்னேன். "அவரோடதுதான், அக்கா. உங்க வீட்டுக்காரர் இறந்த அன்னைக்கே."

அந்தப் பெண் பேனாவை மேசைமேல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது, எவரும் எடுக்கவில்லை.

இளையவருக்கு முகம் சிவந்தது. "சின்னம்மா, உங்களுக்கு இவங்கள ஆகவே ஆகாது. ஒரு நாளாவது உங்கள மதிச்சிருக்காங்களா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இவங்களுக்காகப் பேசுறீங்க?"

"எனக்கு அவளப் பிடிக்காது. அது வேற. அவ புருசன் பங்கு வேற."

அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே அவர் இதைச் சொன்னார். பிறகுதான் இளையவர் அந்த வார்த்தையை விட்டார். பிள்ளை பெறாத ஒரு பெண்ணிடம், தமக்கென்று வேறு எவரும் இல்லாத ஒருவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை.

"அப்ப நாளைக்கு உங்களுக்குக் கொள்ளி போட யாரு வருவான்னு பாருங்க."

கீழே பட்டறையில் எவரோ மோட்டார் சைக்கிளை உறுமவிட்டு நிறுத்தினார்கள். அவர் இடுப்புத் துணியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினார்.

"இப்பெல்லாம் மின்சாரம்தானே, தம்பி. பட்டன் அமுக்க அங்கயே சம்பளத்துக்கு ஒரு ஆள் இருக்காரு."

இளையவர் சின்னம்மாவுக்கான தாளை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அழுதுகொண்டிருந்த மருமகளிடம் அவர் சொன்னது இவ்வளவே: "இந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடு. இங்க போடாத, இது ஆபீஸ் குப்பைத்தொட்டி. வீட்டுக்குக் கொண்டு போய்ப் போடு." மணி பதினொன்றரை ஆகியிருந்தது. கூட்டம் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

மாலையில் வழக்கறிஞரிடம் நடந்ததைச் சொல்லி, விதியை மீறியதையும் ஒப்புக்கொண்டேன். சிறுமியின் பங்கைத் தாயின் ஒரு கையெழுத்தால் அழித்துவிட முடியாதுதான் என்றார் அவர். ஆனால் அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால், பிறகு அதை எதிர்த்து நீதிமன்றம் ஏற எவர் இருக்கிறார் என்று கேட்டார். "இந்த விசயத்த எனக்குப் புரியவைக்க என் விரிவுரையாளருக்கு ஒரு வருசம் ஆச்சு," என்று சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போனார்.

எனக்கு அன்று வியப்பு அடங்கவில்லை. இன்றும் அடங்கவில்லை. ஒன்று கிடைக்குமா என்று காத்திருப்பது வேறு. கிடைத்துவிட்டது நம்மை வந்தடையக் காத்திருப்பது வேறு. நூல்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லத் தடுமாறுகின்றன. அந்த அக்கா அதை நூலில் கற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு உடைமையாளர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள் என்று நம்பி, ஆறு ஆண்டுகள் ஒரு வீட்டைக் கூட்டித் துடைத்திருக்கிறார். அவர்களில் ஒருவர் இறந்ததும் அந்த இடம் காலியாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அங்கே ஒரு சிறுமி வந்து நின்றுவிட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த பொங்கலுக்குப் பிறகு அந்தப் பெண்ணும் மகளும் வீடு பார்க்க வந்தார்கள். குழாய், விளக்கு, மின்விசிறி, கூரைத் தட்டி ஆகிய எல்லாமே முன்போலவே முறையாகக் காட்டப்பட்டன. "பாத்தியா?" என்று ஏழு வயதுச் சிறுமியிடமும் அதே கண்டிப்போடு கேட்டார். "பாத்தேன்," என்று அவளும் அதே கண்டிப்போடு பதில் சொன்னாள். காப்பியில் சர்க்கரை குறைவு என்று மருமகள் மெல்லச் சொன்னபோது, "மேசைல இருக்கு. கை இருக்குல்ல?" என்றார். அவர்கள் இருவரும் அதன் பிறகும் நெருங்கவில்லை. ஒரு நியாயம் செய்யப்பட்டுவிட்டால் நேசமும் பின்தொடர்ந்து வந்தாக வேண்டும் என்று கதைகளில்தான் படித்திருக்கிறேன்.

இளைய மகனையும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு ஆண்டுகள் அவர் வரவில்லை. மூன்றாம் ஆண்டு வந்து, வாசலிலேயே நின்றார். "வெளிய நின்னா குழாய்ல தண்ணி வர்றது தெரியுமா?" என்று அதட்டல் கேட்ட பிறகு உள்ளே வந்தார். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு காலை, தொழிற்சாலை உணவுக்கூடத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சடங்குகள் அனைத்தையும் இளைய மகனே செய்தார்.

வீடு இப்போது இரு தரப்பின் கைக்கும் வரவேண்டிய நேரம். பாதி இளையவருக்கு, மற்றப் பாதி மூத்தவரின் மனைவிக்கும் மகளுக்கும். விற்பதா, ஒருவர் மற்றவரின் பங்கை வாங்கிக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன் விலை மதிப்பிட வேண்டியிருந்தது. அதற்காக ஒரு மலாய் இளைஞர் அளவுநாடாவோடும் படிவத்தோடும் வந்தார். சாவி எங்கள் அலுவலகத்தில் இருந்ததால் நானும் போனேன்.

மதிப்பீட்டாளர் அறை அறையாக அளந்தார். குழாய்களைத் திறந்து பார்த்தார். கதவுகளின் கீல்களை அசைத்தார். அடுப்படிச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தார். குளியலறைத் தரையின் ஓடுகளில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். இறந்தவருடைய துணிமணிகள் ஒரே பைக்குள் அடங்கி, முன்பே எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. இளைய மகனும் அவருடைய அண்ணியும் நானும் கூடத்தில் நின்றோம். சிறுமி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

மதிப்பீட்டாளர் திரும்பி வந்து இளைய மகனிடம் மலாயில் கேட்டார், "இந்த வீடு எத்தனை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது?"

"பூட்டிக் கிடக்கவில்லை," என்றார் இளைய மகன், அவரும் மலாயிலேயே. "பன்னிரண்டு வருடம் ஆள் இருந்தார்கள்."

அந்த இளைஞர் தாம் கேலி செய்யப்படுவதாக நினைத்து மரியாதையாகப் புன்னகைத்தார். தம் படிவத்தை நீட்டிக் காட்டினார். வீட்டின் நிலை என்ற கட்டத்தில், காலி என்று முன்னமே எழுதிவிட்டிருந்தார்.

இளைய மகன் அவரிடமிருந்து பேனாவை வாங்கி, அந்தச் சொல்லை அழுத்தமாக ஒரு கோடிட்டு அடித்தார். பிறகு அதன் பக்கத்தில் எழுதுவதற்காகப் பேனாவைக் கொண்டுபோய், அங்கேயே நிறுத்தினார். என்ன எழுத வேண்டும் என்று கேட்பவரைப்போல அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பத்திரங்களுக்குச் சொல் தேடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கும் அந்தக் கட்டத்துக்குள் எழுத ஒரு சொல்லும் அகப்படவில்லை.